மெட்டு வந்திட்டுது, வரி ஒட்டேல்லை: இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கட்டுறது எப்பிடி?

வடலி

எல்லாருக்கும் வணக்கம். மெட்டு ஒராள், வரி இன்னொராள் எண்டு இரண்டு பேராய்க் கட்டுற பாட்டு. மெட்டுக்காரர் போனில் பாடி அனுப்பின பல்லவியின்ர தத்தகாரம் (சொல்லுக்குப் பதிலா ‘தானன’ எண்டு பாடிக் காட்டுறது) இது:

தானன தானன தானன தானா
தானன தானன தானா

4/4 (ஒரு பாருக்கு நாலு தட்டு), வேகம் நிமிசத்துக்கு 92 தட்டு. முதல் அடி ஒரு பார் முழுக்க. இரண்டாம் அடி மூண்டு தட்டு, நாலாவது தட்டு வெறும். அதுக்கு எழுதின முதல் வரி:

நெஞ்சுக்குள் நித்தமும் நிற்கின்ற பூவே

புள்ளி வைச்ச ஒற்றெழுத்தை விட்டு எண்ணினால் 11க்கு 11 எழுத்து, கணக்குச் சரி. பாடினால் தடக்குது. மெட்டுக்காரர் வரியை மாத்தச் சொல்லுறார், வரி எழுதினவர் மெட்டை மாத்தச் சொல்லுறார். ஆரில பிழை? அடுத்தது, மெட்டு முதல் வரவேணுமோ வரி முதல் வரவேணுமோ? பேரும் பங்கும் எந்தக் கட்டத்தில கதைக்க வேணும்? தெரிஞ்ச ஆக்கள் விரிவா எழுதுங்கோ.

தாளக்கட்டு

தம்பி வடலி, எண்ணிக்கை சரி. எடை சரியில்லை.

தானன என்றால் நெடில், குறில், குறில். 2+1+1, நான்கு மாத்திரை, ஒரு தட்டு. உங்கள் வரியைப் பிரித்துப் பாருங்கள்: நெஞ்-சுக்-குள் / நித்-த-மும் / நிற்-கின்-ற / பூ-வே. மெட்டு 1, 4, 7ஆம் எழுத்துகளில் நீட்டக் கேட்கிறது. அந்த மூன்று இடத்திலும் நீங்கள் வைத்திருப்பது நெஞ், நித், நிற். நெஞ் என்பதைப் பாடகர் எப்படியோ சமாளிப்பார், ஞ் மெல்லினம், மூக்கால் இழுக்கலாம். நித், நிற் இரண்டிலும் வல்லின ஒற்று மூச்சை அடைத்துவிடும். அவர் ஒன்றில் ‘நீத்தமும்’ என்று பாடுவார், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வெறுமை விழும். மெட்டு விரைந்து ஓட வேண்டிய 2, 3ஆம் இடங்களிலோ சுக், குள் என்று கனமான அசைகள் இருக்கின்றன. நீட்ட வேண்டிய இடத்தில் அடைப்பு, ஓட வேண்டிய இடத்தில் பாரம். தடக்காமல் என்ன செய்யும்?

இதே மெட்டுக்கு இப்படி ஒன்று வைத்துப் பாருங்கள்:

வாடிய வேலியில் ஆடிய பூவே
மாரியின் வாசனை நீயே

வா-டி-ய / வே-லி-யி / லா-டி-ய / பூ-வே. ‘வேலியில் ஆடிய’ பாடும்போது ‘வேலியி லாடிய’ என்று சேரும். அதனால் யில் என்பதன் ஒற்று அடுத்த எழுத்தின் உயிரில் ஏறிப் பாரமில்லாமல் போய்விடுகிறது. இரண்டாம் அடியில் ‘மாரியின்’ என்பதில் ஒரு ன் மிஞ்சுகிறது. கணக்குப்படி அது கூடுதல்தான், ஆனால் மெல்லினம், அடுத்து வருவது வ. காதுக்கு உறுத்தாது. அந்த இடத்தில் ‘மாரிக்கு வாசனை’ என்று வைத்தால் அடி உடையும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: சதுரக் கட்டம் போட்ட கணிதக் கொப்பி ஒன்று எடுங்கள். ஒரு கட்டம் ஒரு மாத்திரை, ஓர் அடிக்கு 16 கட்டம். மெட்டுக்காரர் பாடியதைக் கேட்டு, நீளும் இடத்தில் இரண்டு கட்டத்தையும் சேர்த்துக் கோடு இழுங்கள். தாளம் விழும் கட்டங்களை (1, 5, 9, 13) வட்டமிடுங்கள். பிறகுதான் சொல் தேடுங்கள். வட்டமிட்ட கட்டத்தில் சொல்லின் முதல் எழுத்து விழுந்தால் கேட்பவருக்குச் சொல் உடனே பிடிபடும். சொல்லின் நடு எழுத்து விழுந்தால் சொல் உடைந்து வேறு சொல்லாகக் கேட்கும். ‘லாடிய’ போல் ஓர் இடம் வந்தால் பரவாயில்லை, அடிக்கு அடி வரக்கூடாது.

சந்தம் காதில் ஏறத் திருப்புகழைவிட நல்ல பயிற்சி இல்லை. பொருளை விட்டு, ஒரு பாட்டைத் தத்தகாரமாக மாற்றி எழுதிப் பாருங்கள். தத்த, தந்த, தன்ன, தான என்று நான்கும் வாயில் எப்படி வேறுபடுகின்றன என்பது ஒரு கிழமையில் பிடிபடும்.

சங்குப்பிட்டி

அண்ணை சொன்ன கொப்பி முறை சரி. மெட்டுக்காரர் பக்கத்தையும் சொல்லவேணும். தத்தகாரம் அனுப்பினால் காணாது. அவர் அனுப்பவேண்டியது: கிளிக் சத்தத்தோட பாடின ஒலிக்கோப்பு, வேகம், சுருதி, எந்தத் தட்டில எடுப்பு (பாட்டுத் தொடங்குற இடம்) எண்டது. எடுப்பு சமத்திலயா (முதல் தட்டிலயா), தட்டுக்கு முந்தியா, பிந்தியா எண்டு சொல்லாமல் விட்டால் வரிக்காரர் முதல் எழுத்தைப் பிழையான தட்டில வைச்சு எழுதுவார். பேந்து பல்லவி முழுக்க அரைத் தட்டு தள்ளி நிக்கும்.

இன்னொண்டு, நடை மாத்தம். 4/4ல எழுதின வரியை எடுத்து, ‘கொஞ்சம் பைலா மாதிரி ஆக்குவம்’ எண்டு அந்த ஆட்டப்பாட்டு நடையான 6/8க்குக் கொண்டுபோறவை கனபேர். எங்கட பொப் பாட்டு வளர்ந்ததே அந்த நடையிலதான், ஆசை வரும். ஆனால் தானன நாலு மாத்திரை, 6/8ல ஒரு தட்டுக்கு மூண்டுதான். ஒவ்வொரு தட்டிலயும் ஒரு எழுத்து மிஞ்சும். அந்த நடைக்குத் ‘தான தான’, ‘தனன தனன’ வேணும். நடையை மாத்தினால் வரியைப் புதுசா எழுதவேணும், ஒட்டுப்போட்டுச் சரிவராது.

மெட்டு முதலா வரி முதலா எண்டதுக்கு என்ர அபிப்பிராயம்: ஆட்டத்துக்குரிய பாட்டுக்கு மெட்டு முதல், கதை சொல்லுற பாட்டுக்கு வரி முதல். இரண்டாலயும் உலகத்தில நல்ல பாட்டு வந்திருக்கு. ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜோனுக்கு பேர்ணி டோப்பின் வரியை எழுதிக் குடுப்பார், எல்டன் தனிய இருந்து அதுக்கு மெட்டுப் போடுவார். எங்கட பக்கத்துச் சினிமாவில பெரும்பாலும் மெட்டுத்தான் முதல்.

ஆனால் எந்த வழி எண்டாலும், பாட்டு என்ன சொல்லுது எண்டதை இரண்டு பேரும் ஒரே ஒரு வசனத்தில எழுதி ஒத்துக்கொள்ள முதல் வேலையைத் தொடங்கக்கூடாது. ‘ஆர், ஆரைப் பாத்து, எந்த நேரத்தில, என்ன கேக்கிறார்?’ இந்த நாலுக்கும் மறுமொழி அந்த வசனத்துக்குள்ள இருக்கவேணும். வடலியின்ர பாட்டில வரியும் மெட்டும் சண்டை பிடிக்கிறதுக்குக் காரணம் சந்தம் பாதி. மற்றப் பாதி, மெட்டுக்காரர் துள்ளல் பாட்டு நினைச்சிருக்கிறார், வரிக்காரர் ஏக்கப் பாட்டு நினைச்சிருக்கிறார். ‘நெஞ்சுக்குள் நித்தமும்’ எண்டு துள்ளேலாது.

ஓலைச்சுவடி

சங்குப்பிட்டி அண்ணா சொன்ன ஒரு வசன விதியை நான் இரண்டு கையாலும் ஒப்புக்கொள்கிறேன். அதோடு இன்னொன்று: அந்த வசனம் எழுதினதும் தலைப்புச் சொல்லைத் தேடுங்கோ. பல்லவியில் எந்தச் சொல்லைக் கேட்பவர் பாடிக்கொண்டு போகப்போறார்? அந்தச் சொல்லைப் பல்லவியின் முதல் தட்டில் அல்லது கடைசி நீட்டில் வையுங்கோ. நடுவில் வைத்தால் காணாமல் போகும். மேலே இருக்கிற அடியில் ‘பூவே’யும் ‘நீயே’யும் முடிவில் நிற்குது, ஆனால் இரண்டும் பொதுச் சொல், ஆயிரம் பாட்டில் இருக்கு. அந்தப் பாட்டின் சொத்து ‘வேலி’யும் ‘மாரி’யும்தான். கோடையில் கிளுவை இலை கொட்டி நிற்க, அதுக்குள்ள ஒரு பூவரசு பூத்திருக்கிறது எண்டால் எங்கட ஆக்களுக்குக் கண்ணில் தெரியும். ‘மாரி’ இரண்டாம் அடியின் முதல் தட்டில் விழுவது நல்ல இடம், அதை விடாதேங்கோ.

இதை ஏன் அழுத்திச் சொல்றன் எண்டால், எங்கட பிள்ளைகள் எழுதுற பாட்டில் ஆறு, அருவி, மலைச்சாரல் எல்லாம் வருது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு எண்டு சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதிலும் மாரியில் மட்டும்தான் தண்ணி ஓடும். எங்களிட்டை இருக்கிறது கிணறு, கேணி, குளம், கடல்நீரேரி. ‘ஆற்றங் கரையில்’ எண்ட இடத்தில் ‘கேணியி னோரம்’ எண்டு வைத்தால் சந்தமும் நிற்கும், ஊரும் நிற்கும்.

பேச்சுமொழி விசயம். எங்கட ‘வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ’ எல்லாம் ஓகாரத்தில் முடியுது. நீட்டிப் பாட இதைவிட நல்ல முடிவு கிடையாது, வாய் திறந்தே இருக்கும். ‘வாருங்கள்’ எண்டு எழுதினால் ள் அடியில் நாக்கு மடிஞ்சு சத்தம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் பல்லவி செந்தமிழில், சரணம் ‘எண்டு, பேந்து, காணேல்லை’ எண்டு கலந்தால் இரண்டு வேற ஆள் பாடுற மாதிரி இருக்கும். சேர்ந்து எழுதும்போது அடிக்கடி நடக்கிற பிழை இது, ஏனெண்டால் உண்மையிலேயே இரண்டு ஆள்தான் எழுதியிருக்கினம். முதல் நாளே ஒரு மொழிநடையை முடிவெடுங்கோ.

எதுகை மோனை பற்றி: வாடிய/ஆடிய போல அடிக்குள் எதுகை வந்தால் பாடகருக்கு மனனம் சுலபம். ஆனால் எதுகைக்காகச் சொல்லை இழுத்துக்கொண்டு வராதேங்கோ. மெல்லிசைப் பாட்டில் கேட்பவர் காது பிடிக்கிறது முடிவில் வாற இயைபைத்தான்.

தாளக்கட்டு

ஓலைச்சுவடி தங்கச்சி சொன்ன கடைசி வசனத்தில் எனக்கு உடன்பாடில்லை. இயைபு மட்டும் இருந்தால் அடியின் முடிவு மட்டும் இனிக்கும். எதுகை இருந்தால் தட்டு எங்கே விழுகிறது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கும், மிருதங்கமோ தபேலாவோ இல்லாமல் பாடினாலும் தாளம் கேட்கும். காத்தவராயன் கூத்துப் பாட்டைத் தாளம் தெரியாத ஒருவர்கூட இடறாமல் பாடுவது அதனால்தான். சிந்து நடை சொல்லிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

மற்றது, முடிவெழுத்து. குற்றியலுகரத்தில் அடியை முடித்து நீட்டாதீர்கள். ‘காற்று’, ‘பாட்டு’, ‘வந்து’ இவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரைதான். 92 வேகத்தில் நான்கு தட்டு நீட்டினால் 2.6 செக்கன். அரை மாத்திரையை அவ்வளவு நேரம் இழுத்தால் ‘காற்றூ’ என்றுதான் கேட்கும். ‘காற்றே’, ‘காற்றாய்’, ‘காற்றோ’ என்று திருப்புங்கள்.

வடலி

கோடி நன்றி. கொப்பியில் கட்டம் போட்டுப் பாத்தாச்சு, ஒட்டாத இடம் கண்ணுக்கே தெரியுது. இப்ப சரணம். மெட்டுக்காரர் சரணத்தின் மூன்றாம் அடியில் மேல் ஸ்தாயி ச சுரம் வரைக்கும் ஏறி, அங்கேயே நிக்கிறார். ஆணும் பெண்ணும் பாடுற பாட்டு. அந்த உச்சத்தில் எந்தச் சொல் வைக்கலாம்? சுருதி எது?

தாளக்கட்டு

உச்சத்தில் ஆ, ஏ, ஓ. சாதாரணக் குரலுக்கு ஈ, ஊ இரண்டும் மேலே போகப் போக மெலிந்து நெரியும். மேல் ச இல் ‘நீ’ என்று நிறுத்துவதைவிட ‘நீதானே’ என்று எழுதி ‘தா’வை உச்சத்தில் வைக்கலாம்.

சுருதி சொல்லாமல் சரணத்தை முடிக்கவே கூடாது. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை (கீபோர்ட்டில் C முதல் D), பெண்கள் 5 முதல் 6 கட்டை (G முதல் A). ஒரே சுருதியில் இருவரும் பாடினால் ஒருவருக்கு நிச்சயம் சிரமம். வழி இரண்டு. ஒன்று, இடையிசையில் சுருதியை மாற்றுவது. சரணத்துக்கு முன் வருகிற இடையிசை 8 பாராவது இருந்தால்தான் காது பழகும். மற்றது, ஆணின் பகுதியை மேல் ஸ்தாயியிலும் (ஸ்தாயி என்பது ச முதல் அடுத்த ச வரை) பெண்ணின் பகுதியைக் கீழிலும் எழுதி, இரண்டும் சந்திக்கும் நடுச் சுருதி ஒன்றைப் பிடிப்பது. பாட்டின் மொத்த வீச்சு ஒன்றரை ஸ்தாயிக்குள் நின்றால் மேடையில் வேறு பாடகரும் பாடக்கூடியதாக இருக்கும்.

மூச்சையும் பாருங்கள். உங்கள் பல்லவியில் இரண்டாம் அடியின் நாலாவது தட்டு வெறும் என்றீர்கள். மூச்சு வாங்குகிற இடம் அதுதான், 0.65 செக்கன். மெட்டுக்காரர் ‘நீயே’யை அந்தத் தட்டுக்குள்ளும் இழுத்தால் பாடகர் முதல் அடிக்குத் திரும்பும்போது மூச்சில்லாமல் நிற்பார். அதேபோல் ஒரு தட்டுக்கு நான்கு எழுத்து வீதம் ஓர் அடி முழுக்க அடைத்தால் செக்கனுக்கு ஆறு எழுத்துக்கு மேல் போகும். சொல் விளங்காது. ஓர் அடி அப்படி ஓடினால் அடுத்த அடியில் எழுத்தைக் குறையுங்கள்.

நிலாவரை

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இங்க கனபேர் ஊரில இருக்கிறவையோட சேர்ந்து பாட்டுச் செய்யினம், அதால தூரத்தில இருந்து எழுதுற விசயம் கொஞ்சம்.

வீடியோ கோலில ஒராள் கீபோர்ட் வாசிக்க மற்றவர் கூடப் பாடுறது நடக்காது. சத்தம் போய்ச் சேரப் பிந்தும், தாளம் எப்பவும் விலகும். கோலைக் கதைக்க மட்டும் பாவியுங்கோ. அதுக்கும் நேரம் குறிக்கவேணும்: யாழ்ப்பாணத்துக்கும் இங்கைக்கும் கோடையில 9½ மணித்தியாலம், குளிர்காலத்தில 10½. அங்க இரவு 8 மணி எண்டால் இங்க காலமை.

கோப்பு அனுப்பும்போது எல்லாக் கோப்பும் ஒரே பூச்சியத்தில தொடங்கவேணும், முன்னுக்கு இரண்டு பார் கிளிக். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ். வட்சப்பில குரல் செய்தியாய் அனுப்பினால் சுருக்கித் தரம் குறைச்சிடும், யோசனை சொல்ல அது போதும், ஒலிக்கலவைக்கு ஆகாது. ‘டொக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்பிடியே போகும். கோப்புப் பேரில பாட்டின்ர பேர், வேகம், சுருதி, எத்தினையாம் பதிப்பு எண்டு நாலும் இருக்கட்டும். ‘கடைசி’, ‘கடைசிக்கடைசி’ எண்டு பேர் வைச்சால் மாதம் கழிச்சு எது எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

டம்மி வரி பற்றியும் சொல்லவேணும். மெட்டுக்காரர் தத்தகாரத்துக்குப் பதிலா வாயில வந்த சொல்லை வைச்சுப் பாடி அனுப்புவார். இரண்டு கிழமை அதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது அதிலேயே ஊறிப்போகும், பேந்து எவ்வளவு நல்ல வரி வந்தாலும் பிடிக்காது. இரண்டு மூண்டு நாளுக்குள்ள வரிக்காரரிட்டைப் போகவேணும், அல்லது தத்தகாரத்திலயே நிக்கவேணும்.

சங்குப்பிட்டி

நேரில இருந்து எழுதுறவைக்கு: ஒரு இருப்பு மூண்டு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம். முதல் அரை மணித்தியாலம் கீபோர்ட்டைத் திறக்காதேங்கோ, கதையுங்கோ. அந்த ஒரு வசனம் வந்தாப் பிறகு போனில பதிவைப் போட்டிட்டு ஒரு மணித்தியாலம் வாறதை எல்லாம் வரவிடுங்கோ. அந்த நேரத்தில ‘இது சரிவராது’ எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. திருத்தம் மிச்ச நேரத்தில. இரண்டையும் கலந்தால் கூச்சக்காரர் வாயை மூடிடுவார், சத்தமாக் கதைக்கிறவரின்ர பாட்டுத்தான் மிஞ்சும். ஒரு வரியை வெட்டச் சொல்லுறவர் வேற வரி ஒண்டையும் வைக்கவேணும். மூண்டு பேருக்கு மேல இருந்தால் வேலை கூட்டமாகிடும்.

இப்ப பங்கு விசயம். பாட்டில இரண்டு வேற வேற உரிமை இருக்கு: ஆக்கம் (மெட்டும் வரியும்), ஒலிப்பதிவு. ஸ்ரூடியோ காசு போட்டவர் ஒலிப்பதிவில பங்கு கேக்கலாம், அதால ஆக்கத்தில பங்கு வராது. ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி எண்டு 12 எழுத்து இலக்கம், ஆக்கத்துக்கு ஐஎஸ்டபிள்யூசி எண்டு வேற இலக்கம். இரண்டையும் ஒண்டெண்டு நினைச்சுக் குழம்பாதேங்கோ.

எங்கட நாட்டில, இலங்கையில, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இதுக்கு. பாட்டு உருவான உடனேயே உரிமை வந்திடும், பதியத் தேவையில்லை. ஆக்கினவரின் ஆயுளும் அதுக்குப் பிறகு 70 வருசமும். சேர்ந்து ஆக்கினால் கடைசியா இறக்கிறவரில இருந்து 70. அதாவது, இண்டைக்கு வாய்ப்பேச்சில விடுற விசயம் உங்கட பேரப்பிள்ளையள் காலத்திலயும் இருக்கும்.

வழக்கம் வரிக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி. ஒரே அறையில இருந்து இரண்டையும் சேர்ந்து செய்தால் ஆளுக்கு ஆள் சமன் எண்டு முன்கூட்டியே வைக்கிறது நல்லம், சொல்லை எண்ணிப் பங்கு பிரிக்க வெளிக்கிட்டால் ஒவ்வொருத்தரும் தன்ர வரியைக் காப்பாத்தப் பாப்பினம், பாட்டைக் காப்பாத்த ஆளிருக்காது. பீட்டில்ஸ் குழுவின்ர லெனனும் மக்கார்ட்னியும் ஆர் எழுதினது எண்டு பாராமல் இரண்டு பேரின் பேரையும் போடுறது எண்டு இளவயசிலயே ஒத்துக்கொண்டவை.

வடலி

இசைக்கோர்ப்புச் செய்யிறவருக்கும் ஆக்கத்தில் பங்கு உண்டோ? இணையத்தில் வாங்கின பீட்டில் (ஆயத்தமாய் விக்கிற பின்னணி இசையில்) பாடினால் என்ன மாதிரி? கூத்து மெட்டு ஒண்டை எடுத்தால்?

சங்குப்பிட்டி

இசைக்கோர்ப்புக்கு வழக்கமாக் கூலி, பங்கில்லை. ஆனால் இடையிசையில அவர் போட்ட ஒரு துண்டையே பாட்டின்ர அடையாளமாச் சனம் முணுமுணுக்கும் எண்டால், அது மெட்டில ஒரு பாகம். அப்ப பங்கு கதைக்கத்தான் வேணும். பாடகர் கமகம் (சுரத்தை அசைச்சு அழகுபடுத்துறது) போட்டால் ஆக்கம் ஆகாது. அடியின்ர மெட்டையே மாத்தினால் ஆகும்.

இணையத்து பீட்: மலிவா விக்கிறது தனியுரிமை இல்லாத அனுமதி. அதே பீட்டில இன்னும் நூறு பேர் பாடலாம். அதைக் கொண்டுபோய் யூரியூப்பின்ர கன்டென்ட் ஐடியில (பாட்டு ஆருடையது எண்டு தானாக் கண்டுபிடிக்கிற முறை) உங்கட எண்டு பதிஞ்சால் மற்றவையின்ர பாட்டிலும் கோரிக்கை விழும், முறைப்பாடு திரும்பி உங்களிட்டை வரும். தனியுரிமை வாங்கினதெண்டால் மட்டும் பதியுங்கோ, பற்றுச்சீட்டை வைச்சிருங்கோ.

பரம்பரையா வாற கூத்து மெட்டுக்குத் தனி ஆக்கினவர் இல்லை, ஆனால் அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில நாட்டார் கலைக்கும் பாதுகாப்பு இருக்கு, காசுக்கு வெளியிட முதல் அனுமதி வேணுமோ எண்டு கேளுங்கோ. ‘மெட்டு: பாரம்பரியம்’ எண்டு போட்டு, வரிக்கு மட்டும் உங்கட பேரைப் போடுங்கோ. ஆனால் வேற ஒருத்தர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவில இருந்து துண்டு வெட்டி எடுக்கேலாது, அந்தப் பதிவு அவருடையது. அண்ணாவி (கூத்துப் பழக்குறவர்) ஒருத்தரிட்டை நேர கேட்டுப் படிச்சு, நீங்களே புதுசாப் பாடிப் பதிஞ்சால் அந்த ஒலிப்பதிவுச் சிக்கலில்லை.

ஓலைச்சுவடி

ஒரு தாளில் எழுதி வையுங்கோ, வட்சப்பில் இல்லை. பாட்டின் பேர், திகதி, எத்தனையாம் பதிப்பு, வரி ஆர், மெட்டு ஆர், வீதம் எத்தனை, ஒலிப்பதிவு ஆருடையது. மொத்தம் 100 வருதோ எண்டு கூட்டிப் பாத்து இரண்டு பேரும் கையெழுத்து. சரணத்தில் பேந்து மூன்றாவது ஆள் ஒரு அடி எழுதினால் புதுத் தாள், பழையதைக் கிழியாமல் பின்னுக்கு இணைச்சு வையுங்கோ.